கேட்டுப் படிப்பதா, தொட்டுப் படிப்பதா? பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு எதை வாங்கித் தருவது

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வட்டாரங்களிலும் இருக்கும் பள்ளிகளுக்கு ஜூன் மாதத்தில் ஒரு கேள்வி வந்து சேர்கிறது. ஒன்பதாம் வகுப்பிலோ பதினொன்றாம் வகுப்பிலோ பார்வைக் குறைபாடுள்ள இரண்டு மூன்று மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். முன்னாள் மாணவர் சங்கமோ உள்ளூர்த் தொழில்முனைவோர் ஒருவரோ அவர்களுக்காக ஓரளவு பணம் தர முன்வந்திருக்கிறார். அந்தப் பணத்தில் எதை வாங்குவது? பெரும்பாலும் இதற்கான விடை ஒரு மாலைக் கூட்டத்தில், விற்பனையாளர் கொண்டுவந்த விலைப்பட்டியலை வைத்து, அந்த மாணவர்கள் இல்லாத அறையில் முடிவாகிவிடுகிறது. விழா நடத்திப் புகைப்படம் எடுத்துக் கொடுக்கப்பட்ட கருவி, அடுத்த ஆண்டு பள்ளி பீரோவுக்குள் உறை பிரிக்காமல் இருப்பதைப் பார்த்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1993இல் ஃபிலிப்ஸ், ஜாவோ என்னும் இரு ஆய்வாளர்கள் உதவிக் கருவி பயன்படுத்தும் 227 பேரிடம் விசாரித்தபோது, அவர்கள் பெற்ற கருவிகளில் 29.3 விழுக்காடு முற்றாகக் கைவிடப்பட்டிருந்தது தெரிந்தது. கைவிட்டதற்கு அவர்கள் கண்ட காரணங்களில் முக்கியமானவை நான்கு: தேர்வு செய்யும்போது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேளாமை, கருவி மிக எளிதாகக் கையில் கிடைத்துவிட்டமை, கருவி சரியாக இயங்காமை, பயனாளரின் தேவை மாறிப்போனமை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த நான்கும் மாறவில்லை. ஆகவே கீழே வரும் ஒப்பீட்டில் விலையையும் வசதியையும் மட்டும் பார்க்காமல், எந்தக் கருவி எந்த மாணவரின் கையில் மூன்றாம் மாதத்திலும் இருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்தே பார்க்கிறேன். செவித்திறன் குறைபாடு, கற்றல் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவற்றுக்கான கருவிகள் தனித்தனி ஆய்வுக்குரியவை என்பதால், பார்வைக் குறைபாட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பணத்தைத் தொடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை பாடநூல்களையும் கற்றல் பொருள்களையும் தகுந்த உதவிக் கருவிகளையும் கட்டணமின்றி வழங்கும் பொறுப்பை அரசின் மீதும் உள்ளாட்சி அமைப்புகளின் மீதும் சுமத்துகிறது. தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை பாடத்தை வாசித்துக் காட்டுபவருக்கான வாசிப்பாளர் உதவித்தொகையும், தகுதியுடையவர்களுக்குத் தக்க செயலிகள் கொண்ட திறன்பேசியும் வழங்கிவருகிறது. வட்டார வள மையங்களில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அரசு தர வேண்டியதைக் கேட்டுப் பெறாமல் அதையே நன்கொடைப் பணத்தில் வாங்குவது, அந்தப் பணத்தை வீணாக்குவதோடு மாணவரின் உரிமையையும் ஈகையாக மாற்றிவிடுகிறது. முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பங்களைக் கொடுத்துவிட்டு, அங்கே கிடைக்காதவற்றுக்கே நன்கொடையை ஒதுக்குவது முறை.

அடுத்த கேள்வி, அந்த மாணவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பது. பார்வையற்றவர் என்று பதிவேட்டில் எழுதப்பட்ட பலருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கிறது. ஒருவருக்கு நடுப்பார்வை மங்கி ஓரப்பார்வை இருக்கும். மற்றொருவருக்குக் குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும். வேறொருவருக்கு வெளிச்சம் கூசும். இவர்களுக்கு ஒரே உருப்பெருக்கியை வாங்கிப் பகிர்வதில் பயனில்லை. குழாய்ப்பார்வை உள்ளவருக்கு எழுத்தை மிகப் பெரிதாக்கினால் ஒரு சொல் முழுதாகப் பார்வைக்குள் அடங்காது; நடுப்பார்வை மங்கியவருக்கோ பெரிதாக்காமல் முடியாது. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் நம்முடையது. குறைபார்வைப் பரிசோதனையும் மறுவாழ்வு ஆலோசனையும் இங்கேயே பெற முடிகிறபோது, அதைச் செய்யாமல் கருவி வாங்குவதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. பரிசோதனைக்குப் பின், வகுப்பில் முதல் வரிசை இருக்கை, சாளர வெளிச்சம் கரும்பலகையில் பட்டுத் தெறிக்காத கோணம், கெட்டியான கறுப்பு மையில் கோடிட்ட நோட்டு, 24 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் அச்சிட்ட வினாத்தாள் ஆகியவையே ஒரு மாணவருக்குப் போதுமானவையாக இருக்கக்கூடும். அப்போது நன்கொடை பிறருக்கு மீதமாகும்.

பார்வை அறவே இல்லாத, அல்லது அச்சைப் படிக்கும் அளவுக்கு இல்லாத மாணவரிடத்தில்தான் உண்மையான தெரிவு எழுகிறது. மேடான புள்ளிகளை விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்லி, திரையிலுள்ளதைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் மென்பொருள் கொண்ட மடிக்கணினி, பேசும் திறன்பேசி, வாசித்துக் காட்டவும் எழுதித் தரவும் ஒரு மனிதர் என்று நான்கு வழிகள் உள்ளன. இவற்றில் மலிவானதும் உடனே கிடைப்பதும் காதை நம்பியிருக்கும் வழிகள் என்பதால், இன்று பலர் பிரெய்லி தேவையில்லை என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

தமிழைக் காதால் மட்டும் கற்கும் குழந்தைக்கு எழுத்து எப்படிச் சென்றுசேர்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அரம், அறம், கரி, கறி, எரி, எறி என்னும் இணைகளை நம் அன்றாடப் பேச்சு வேறுபடுத்துவதில்லை. ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றே. மதுரைப் பக்கத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. வாழைப்பழத்தை வாளப்பளம் என்று கேட்டு வளரும் பிள்ளை, பார்வையுள்ளதாக இருந்தால், கடைப் பலகையிலும் சுவரொட்டியிலும் பாடநூலிலும் அந்தச் சொல்லை நூறு முறை பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். பார்வையற்ற குழந்தைக்கு அந்தத் திருத்தம் விரல்நுனி வழியாக மட்டுமே வர முடியும். திரைவாசிப்பானில் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக் கேட்க இயலும் என்பது உண்மையே. ஆனால் ஐயம் எழுந்த சொல்லில்தான் அப்படி நின்று கேட்போம். ஐயமே எழாத தவறு அப்படியே தங்கிவிடும். ஒற்று மிகும் இடம், மிகா இடம், பத்தி பிரியும் இடம், மேற்கோள் குறி தொடங்கும் இடம் ஆகிய எல்லாமே பேச்சொலியில் மறைந்துபோகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழ் விடைத்தாளை இன்னொருவரிடம் சொல்லி எழுதவைத்துத் தேறிய மாணவர், கல்லூரிக்கு வந்து தானே தட்டச்சு செய்யத் தொடங்கும்போதுதான் இந்த இடைவெளி வெளியே தெரிகிறது. அப்போது அதை நிரப்புவது மிகக் கடினம்.

ஆய்வுகளும் இதே பக்கம் சாய்கின்றன. 1996இல் ரூபி ரைல்ஸ் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடத்திய ஆய்வில், சட்டப்படி பார்வையற்றவர்களாகக் கருதப்படுவோரில் பிரெய்லியை முதன்மை வாசிப்பு முறையாகக் கற்று வளர்ந்தவர்கள், எஞ்சிய பார்வையைக் கொண்டு அச்சைப் படிக்கக் கற்றவர்களைவிட வேலைவாய்ப்பில் முன்னே இருந்தனர். சிறிய குழுவில், வேறு நாட்டில், வேறு மொழியில் நடந்த ஆய்வு அது. பிரெய்லி கற்பித்த குடும்பங்கள் பிற வகைகளிலும் கூடுதல் கவனம் செலுத்தியிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடுதான் அதை ஏற்க வேண்டும். அதே ஆண்டில் சதாட்டோவும் அவருடைய குழுவினரும் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்ட ஆய்வு, பார்வையற்றோர் பிரெய்லி படிக்கும்போது மூளையில் பார்வைக்குரிய பகுதி தூண்டப்படுவதைக் காட்டியது. விரலால் படிப்பதும் முழுப்பொருளில் வாசிப்பே என்பதை அதிலிருந்து துணிந்து சொல்லலாம்.

பிரெய்லியின் சுமையையும் மறைக்கக் கூடாது. 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லியில், அகரம் ஏறியவை தவிர, தமிழ் உயிர்மெய் பிரிந்தே எழுதப்படுகிறது. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனிக் கட்டம் (ஆறு பிரெய்லிப் புள்ளிகளுக்கான ஓரிடம்) ஒன்று முன்னால் வரும். அச்சில் நான்கு எழுத்தாக நிற்கும் ‘பக்கம்’ என்ற சொல், பிரெய்லியில் ஆறு கட்டங்களைப் பிடிக்கும். கனத்த தாளில் பெரிய புள்ளிகளாக அச்சாகும்போது ஒரு பாடநூல் பல தொகுதிகளாகப் பெருகிவிடுகிறது. உசிலம்பட்டியிலிருந்து நகரப் பேருந்தில் நின்றுகொண்டே கல்லூரிக்கு வரும் ஒருவர் அவற்றை அன்றாடம் சுமக்க முடியாது. மேலும், பூந்தமல்லியிலுள்ள வட்டார பிரெய்லி அச்சகம் போன்ற இடங்கள் பள்ளிப் பாடநூல்களை அச்சிட்டாலும், கல்லூரியில் பேராசிரியர் இன்று பரிந்துரைத்து அடுத்த வாரம் தேர்வு வைக்கும் நூலுக்கு பிரெய்லிப் பதிப்பை எதிர்பார்க்க இயலாது. எனவே பிரெய்லியை எழுத்தறிவுக்கும் கணக்குக்கும் மொழிப்பாடத்துக்கும் அடித்தளமாகக் கொள்வதே பொருத்தம்; உயர்கல்வியின் வாசிப்பு முழுவதையும் அதன்மேல் ஏற்றக் கூடாது. அந்த அடித்தளத்துக்கு ஆகும் செலவும் பெரிதன்று. வலமிருந்து இடமாகக் குத்தி எழுதும் ஸ்லேட் என்னும் துளைச்சட்டமும் ஸ்டைலஸ் என்னும் ஊசியும் மிக மலிவானவை. விரைவாக எழுத உதவும் பெர்கின்ஸ் பிரெய்லர் என்னும் பிரெய்லித் தட்டச்சுப் பொறியைக் காட்பாடியிலுள்ள வொர்த் டிரஸ்ட் நம் மாநிலத்திலேயே தயாரிக்கிறது. இரண்டு மூன்று மாணவருக்கு ஒன்று போதும், நன்கு பேணினால் பல்லாண்டு உழைக்கும்.

இப்போது மடிக்கணினிக்கு வருவோம். பத்தாண்டுகளுக்கு முன்புவரை திரைவாசிப்பான் என்றாலே ஜாஸ் போன்ற விலை கூடிய மென்பொருளைத்தான் நினைத்தோம். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டெயும் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் அந்த நிலையை மாற்றிவிட்டது. இருவருமே பார்வையற்றவர்கள். விண்டோஸில் இயங்கும் இம்மென்பொருளுக்கு விலை இல்லை, எத்தனை கணினியிலும் நிறுவலாம். அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழைப் படிக்கும். அந்தக் குரல் இயந்திரத்தனமானது என்று முதல் வாரத்தில் குறைசொல்லாத மாணவர் இல்லை. ஆனால் வேகத்தைக் கூட்டியும் தெளிவு குன்றாமல் கேட்கப் பழகியபின் பலர் அதையே விரும்புகிறார்கள். இயல்பான பேச்சைவிட இருமடங்கு வேகத்தில் கேட்டுப் பாடத்தைத் திருப்பிப் பார்க்கும் திறன், தேர்வுக்கு முந்தைய இரவில் சிறிய உதவியன்று. தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டுவிட்டால் சொந்தக் கையால் பத்திப் பத்தியாக எழுதலாம், திருத்தலாம், மின்னஞ்சலில் அனுப்பலாம். நான்கு வழிகளில், எழுதுவதை முழுமையாக மாணவரின் வசமே விடுவது இதுதான்.

என்றாலும் மடிக்கணினியை வாங்கிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று கருதுவோர் ஒரு தடையை அறியாதவர்கள். தமிழில் உள்ள கோப்புகளில் பெரும்பகுதி திரைவாசிப்பான் படிக்கும் நிலையில் இல்லை. வினாத்தாளோ குறிப்போ பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தால், கண்ணுக்கு ‘மதுரை’ என்று தெரிவது, கணினிக்குக் ‘கே, ஜே, ஐ, யு’ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். திரைவாசிப்பானும் அதைத்தான் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கமான யூனிகோடையும் டேஸ்16 குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது. ஆயினும் பழைய எழுத்துருக்களிலேயே இன்றும் தட்டச்சு செய்யும் அலுவலகங்களும் அச்சகங்களும் உள்ளன. நிழற்படமாகச் சேமித்த பிடிஎஃப் கோப்புகளோ இன்னும் மோசம். அவற்றில் எழுத்தே இல்லை, படம் மட்டுமே உண்டு. டெசராக்ட், கூகுள் டிரைவ் போன்றவற்றில் உள்ள, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி வசதி தெளிவான அச்சைத் தமிழில் நன்றாகவே மீட்டுத் தருகிறது. ஆனால் இரண்டு பத்திகளாக அச்சான பக்கத்தை ஒரே வரியாகச் சேர்த்துப் படித்துவிடும், அட்டவணையைச் சிதைக்கும், மங்கிய நகலில் ளகரத்தை வேறெதுவாகவோ ஆக்கிவிடும். யாரோ ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

அந்த ‘யாரோ ஒருவர்’தான் நன்கொடையாளர்களின் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாதவர். ஐந்து மடிக்கணினிக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றை வாங்கி, மீதத் தொகையைக் கொண்டு ஒரு பட்டதாரி இளைஞருக்கோ கல்லூரி மாணவிக்கோ மாத மதிப்பூதியம் கொடுத்து, பாடநூல்களையும் குறிப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றித் தலைப்புகள் குறித்த வேர்டு கோப்புகளாகச் சேமிக்கச் செய்தால், அந்தக் கோப்புகள் அடுத்து வரும் ஒவ்வொரு மாணவருக்கும் உதவும். இதற்குச் சட்டத் தடை இருப்பதாக நூலகர்கள் சிலர் தயங்குகிறார்கள். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், அச்சைப் படிக்க இயலாதோருக்காக நூலை அவர்களுக்கு ஏற்ற வடிவில் மாற்றுவதையும் இலாப நோக்கமின்றிப் பகிர்வதையும் அனுமதிக்கிறது. அச்சைப் படிக்க இயலாதோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்ய 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகமும் இதே நோக்கத்துக்கானது. பல்வேறு அமைப்புகள் மாற்றிய நூல்கள் அங்கே சேர்கின்றன. மாற்றத் தொடங்கும் முன் அங்கே தேடிப்பார்த்துவிட்டால் இரட்டை வேலை தவிரும்.

திறன்பேசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் அது ஏற்கெனவே பலரின் கையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டிலுள்ள டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலோடு இயங்கும். வகுப்பைப் பதிவு செய்யவும், வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பைக் கேட்கவும், கேமராவை நீட்டிப் பலகையில் எழுதியிருப்பதையும் மருந்துச் சீட்டையும் அறியவும் இதைவிடக் கைக்கடக்கமானது வேறில்லை. ஆனால் நான்கு பக்க விடையைத் தொடுதிரையில் எழுதுவதும், நீண்ட அத்தியாயத்தில் குறிப்பிட்ட துணைத்தலைப்புக்குத் தாவுவதும் மனத்தைச் சோர்வடையச் செய்யும் வேலைகள். சிறிய புளூடூத் விசைப்பலகை ஒன்று இக்குறையை ஓரளவு நீக்கும். பள்ளிக்குள் கைபேசி கூடாது என்னும் விதி இருக்குமானால், இந்த மாணவருக்கு எழுத்துமூலமான விலக்கு அளித்து, அதை எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு பாடவேளையிலும் அவர் தன் குறைபாட்டை விளக்கி அனுமதி கேட்டு நிற்பது முறையாகாது.

மனிதத் துணையைக் கருவிகளின் வரிசையில் வைப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி, சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர், 2019ஆம் ஆண்டுக்கான குடிமைப் பணித் தேர்வில் அகில இந்திய அளவில் 286ஆம் இடம் பெற்றபோது ஊரே மகிழ்ந்தது. அத்தகைய வெற்றி ஒவ்வொன்றின் பின்னும் மணிக்கணக்கில் வாசித்துக் காட்டிய குடும்பத்தாரும் நண்பர்களும் இருக்கிறார்கள். வாசித்துக் காட்டுபவர் படத்தை விளக்குவார், அட்டவணையைச் சொல்வார், புரியவில்லை என்றால் திரும்பச் சொல்வார். எந்த மென்பொருளும் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் அவருக்கு வேலை வந்துவிடும், திருமணமாகி வெளியூர் போய்விடுவார், தேர்வுக் காலத்தில் காய்ச்சலில் படுத்துவிடுவார். படிக்கும் நேரத்தைப் பிறருடைய ஓய்வு நேரம் முடிவு செய்வது, வளரும் பிள்ளைக்கு நாளடைவில் கூச்சத்தையும் நன்றிக்கடனையும் சுமையாக்கிவிடுகிறது.

தேர்வுக்கு வரும் ‘சொல்வதை எழுதுபவர்’ பற்றித் தனியே சொல்ல வேண்டும். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரத்தை அளித்ததோடு, இயன்றவரை பிரெய்லி, கணினி, பெரிய எழுத்து வினாத்தாள், விடையைப் பேசிப் பதிவு செய்தல் ஆகியவற்றில் மாணவர் விரும்பும் முறையைத் தேர்ந்துகொள்ளவும் இடம் தந்தன. நம் பகுதியில் இவற்றுக்குப் பதிலாகச் சொல்லி எழுதவைத்தல் ஒன்றே பெரும்பாலும் நடக்கிறது. வேதியியல் சமன்பாட்டையோ பொருளியல் வரைபடத்தையோ அறியாத ஒருவர் எழுத வந்தால், மாணவருக்குத் தெரிந்த விடையும் மதிப்பெண்ணாக மாறாது. ஆண்டு முழுவதும் மடிக்கணினியில் எழுதப் பழகிய மாணவர், கல்லூரியின் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளையேனும் கணினியிலேயே எழுத அனுமதி கேட்க வேண்டும்; தன்னாட்சிக் கல்லூரிகள் பல உள்ள மதுரையில் இதற்கு முன்னோடியாக ஒரு கல்லூரி துணிவது கடினமான செயலன்று. பள்ளிப் பொதுத்தேர்வில் வேறு வழியில்லாதவரை, காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே எழுதுபவரை ஏற்பாடு செய்து இருவரையும் பழக்க வேண்டும்.

மின்னணு பிரெய்லிக் காட்சிக்கருவி இவற்றுக்கெல்லாம் மேலானது என்று விற்பனையாளர்கள் சொல்வார்கள். கருத்தளவில் அது உண்மையே. சிறு ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் ஒரு வரி பிரெய்லியைக் காட்ட, தொகுதி தொகுதியாகச் சுமந்த நூல்கள் ஒரு கையடக்கப் பெட்டிக்குள் வந்துவிடுகின்றன. என்விடிஏயோடு இணைத்தால் திரையிலுள்ள தமிழை விரலால் படிக்கலாம். கேட்பதையும் தொடுவதையும் ஒன்றாக்கும் கருவி இது ஒன்றே. ஆனால் 40 கட்டங்கள் கொண்டவை லட்சத்தைத் தாண்டும். விலையைக் குறைக்கவென்றே உருவான ‘ஆர்பிட் ரீடர் 20’ கருவியில் 20 கட்டங்களே உள்ளன, தமிழில் அது இரண்டு மூன்று சொற்களுக்கே போதும். புழுதியும் வியர்வையும் நுண்ணிய ஊசிகளுக்குப் பகை. பழுதானால் உள்ளூர்க் கடையில் சரிசெய்ய முடியாது. பிரெய்லியை ஏற்கெனவே தடையின்றிப் படிக்கும், உயர்கல்விக்குச் செல்லும் மாணவருக்கு இதை வாங்கித் தருவது மிக நல்ல முடிவு. பிரெய்லி தெரியாதவருக்கு, இதைக் கொடுத்தால் கற்றுக்கொள்வார் என்ற நம்பிக்கையில் வாங்குவது தவறு.

கணக்கும் அறிவியலும் இந்த ஒப்பீட்டில் எந்த ஒரு வழிக்கும் முழுதாக அடங்காதவை. பின்னமும் வர்க்கமூலமும் பாடநூல் கோப்பில் படமாக இருந்தால் திரைவாசிப்பான் அமைதியாகக் கடந்துபோகும். எண்களைத் தொட்டுக் கணக்குப் போட உதவும் டெய்லர் சட்டகம், மணிச்சட்டம், தொட்டறியும் வரைபடம் ஆகிய பழைய பொருள்கள் இன்றும் இடம் இழக்காததற்குக் காரணம் இதுவே. தில்லி ஐஐடியில் உருவான ரெய்ஸ்டு லைன்ஸ் அமைப்பு மேடுபடுத்திய அறிவியல் படங்களைத் தயாரிக்கிறது. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டுவிடு, வரலாறோ தமிழோ எடுத்துக்கொள் என்று பார்வையற்ற மாணவருக்கு அறிவுரை சொல்வது நம் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது. வரலாறும் தமிழும் அவர்கள் விரும்பித் தேர்ந்தால் நன்று. மேடுபடுத்திய படங்கள் சிலவற்றை வாங்க யாரும் முன்வராததால் அந்தக் கதவு மூடப்படுவதை ஏற்க முடியவில்லை. நன்கொடையில் ஒரு சிறு பங்கேனும் இதற்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவற்றையெல்லாம் வைத்து ஒரு பள்ளி எப்படி முடிவெடுக்கலாம்? சிறுவயது முதல் பார்வையற்று, எட்டாம் வகுப்புக்கு உட்பட்டிருக்கும் குழந்தைக்கு முதல் செலவு பிரெய்லிக்கே. ஸ்லேட், பிரெய்லர், கதைநூல்கள், அன்றாடம் ஒரு மணி நேரம் கற்றுத்தரும் ஆசிரியர். அந்தக் குழந்தைக்கு மடிக்கணினி இரண்டாண்டு தாமதமானால் ஈடுசெய்யலாம். எழுத்தறிவு தாமதமானால் ஈடுசெய்வது அரிது. பிரெய்லிப் பள்ளியில் படித்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுப்பள்ளிக்கு வந்தவருக்கு என்விடிஏ கொண்ட மடிக்கணினியும், தமிழ்99 பயிற்சியும், மாற்றிய பாடக் கோப்புகளும் முதலிடம் பெறும். பணம் மிஞ்சினால் 20 கட்டக் காட்சிக்கருவி. பதினைந்து வயதில் விபத்திலோ விழித்திரை நோயிலோ பார்வையை இழந்தவரின் நிலை வேறு. அச்செழுத்து அவர் நினைவில் இருக்கிறது, எழுத்துப்பிழை அச்சம் குறைவு, படிப்பு இடையில் நிற்கக் கூடாது என்பதே அவசரம். அவருக்குத் திறன்பேசியையும் வாசிப்பாளரையும் அந்த வாரமே ஏற்பாடு செய்து, மடிக்கணினியை அடுத்துக் கொடுத்து, பிரெய்லியை அவர் விரும்பும் வேகத்தில் கற்க விடலாம். அத்தகையவரை உடனே பிரெய்லியில் அமர்த்தினால், இழப்பின் துயரத்தோடு தோல்வியின் துயரமும் சேர்ந்துகொள்ளக்கூடும்.

எந்தக் கருவியானாலும் வாங்கும் முன் மாணவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சுந்தரராஜன்பட்டியில் 1985 முதல் இயங்கிவரும் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் போன்ற நிறுவனங்களில், இக்கருவிகளோடு வளர்ந்து இன்று வேலையில் இருக்கும் பார்வையற்றவர்களைச் சந்திக்கலாம். நத்தம் சாலையில் 2023 ஜூலை 15இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப்பிரிவு உள்ளது. ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்கி, மாணவரையும் பெற்றோரையும் சிறப்பாசிரியரையும் அழைத்துச் சென்று, ஏற்கெனவே பயன்படுத்துபவரிடம் பேசவிட்டால், விலைப்பட்டியலில் இல்லாத செய்திகள் பல கிடைக்கும்.

வாங்கியபின், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளி மேலாண்மைக் குழு மாணவரை அழைத்து மூன்றைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்: கடந்த வாரம் இதை எதற்குப் பயன்படுத்தினாய், எந்தப் பாடம் இதில் படிக்க வரவில்லை, பழுதானபோது யாரிடம் சொன்னாய். பயன்படாத கருவி என்று தெரிந்தால், மாணவர்மீது குறைசொல்லாமல் அதை வேறொரு பள்ளிக்கு மாற்றித்தர விதிமுறையில் இடம் வைக்க வேண்டும். பழுதுபார்ப்புக்கும் பயிற்சிக்குமென்று மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையேனும் முதல் நாளிலேயே தனிக்கணக்கில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் கருவிகளின் விலையைக் கேட்கத் தொடங்கலாம்.